லைவும் ரெக்கார்டிங்கும் ஒரே ட்யூனருக்கு அடித்துக்கொண்டால்

ஆட்டம் சூடுபிடித்திருக்கிற நேரத்தில் திரை கறுத்துப்போய், நீங்கள் கேட்காத சேனலுக்குத் தானாகத் தாவினால் அது ஒரு வகை. நாலு நாள் வெளியே போய்விட்டு வந்து, ஆசையாக ரெக்கார்டிங் பட்டியலைத் திறந்தால், நீங்கள் எதிர்பார்த்த நிகழ்ச்சிக்கு நேரே சிவப்பில் 'தோல்வி' என்று மட்டும் இருந்தால் அது இன்னொரு வகை. இரண்டும் ஒரே நோய்தான். லைவ் பார்க்கிறவருக்கும், ஷெட்யூல் போட்டு வைத்த ரெக்கார்டிங்குக்கும் ஒரே நேரத்தில் ட்யூனர், அதாவது சேனலின் சிக்னலைப் பிடிக்கிற கருவி, தேவைப்பட்டது, ஒருவருக்குத்தான் கிடைத்தது.

இதற்கு எல்லோரும் சொல்கிற மருந்து, இன்னொரு ட்யூனர் வாங்கிப் போடு என்பது. நானும் அதைத்தான் செய்தேன். இரண்டு, நான்கானது. அப்படியும் வாரத்துக்கு ஒரு ரெக்கார்டிங் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து எந்த ட்யூனர் எந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஒன்றை யாருமே பார்க்காத லைவ் பிடித்து வைத்திருந்தது, இன்னொன்றை, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் சேர்த்துப் பதியச் சொல்லி நானே எப்போதோ வைத்து மறந்துபோன முன்பின் நிமிடங்கள் தின்றுகொண்டிருந்தன. அதனால் இங்கே வாங்குவது கடைசியில் வரும். முதல் வேலை எண்ணுவது.

ட்யூனர் கணக்கு

ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு அதிர்வெண்ணைத்தான் பிடிக்கும். பழைய வி.சி.ஆர். காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரியாததற்குக் காரணம், டிவிக்குள் ஒரு ட்யூனர், வி.சி.ஆருக்குள் ஒரு ட்யூனர் என்று தனித்தனியாக இருந்ததுதான். ஒன்றைப் பார்த்துக்கொண்டே மற்றொன்றைப் பதியலாம். 1999-இல் ஹார்ட் டிஸ்கில் பதிகிற டிவோ, ரீப்ளேடிவி பெட்டிகள் வந்தபோது லைவும் ரெக்கார்டிங்கும் ஒரே பெட்டிக்குள், ஒரே ட்யூனர் வழியாகப் போக ஆரம்பித்தன. சண்டைக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ட்யூனர் மாட்டிய கணினியை வீட்டு டிவி சர்வராக்குகிற மித்டிவி, டிவிஹெட்எண்ட், ப்ளெக்ஸ் போன்ற எந்த மென்பொருளை எடுத்தாலும், நீங்கள் லைவ் என்று நினைப்பது சர்வரின் கண்ணுக்கு ட்யூனர் கேட்கிற இன்னொரு வேலை, அவ்வளவுதான். சேனலை மாற்றினால் வேலை மாறும். பார்ப்பதை நிறுத்தினால் முடியும். டிவியை மட்டும் அணைத்தால்? பல நேரம் முடியாது.

எண்ணுவதற்கு ஒவ்வொன்றிலும் ஓர் இடம் இருக்கிறது. டிவிஹெட்எண்டில் 'ஸ்டேட்டஸ்' பகுதிக்குப் போனால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பட்டியலில் இப்போது யார் யார் எந்தச் சேனலைப் பிடித்திருக்கிறார்கள் என்று வரிவரியாக வரும். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டுகிற எச்டிஹோம்ரன் ட்யூனர் பெட்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியின் ஐபி முகவரியை ப்ரவுசரில் அடித்தால் போதும், ட்யூனர் 0, ட்யூனர் 1 என்று ஒவ்வொன்றின் நிலையும் தெரியும். மித்டிவியின் சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரையிலும் இதேபோல ட்யூனர் நிலை இருக்கிறது. இதை இரண்டு முறை பாருங்கள்: பிரச்சினை வருகிற நேரத்தில் ஒரு முறை, வீட்டில் யாரும் டிவி பார்க்காத நேரத்தில் ஒரு முறை. இரண்டாவதுதான் முக்கியம். யாரும் பார்க்காதபோதும் ஒரு ட்யூனர் வேலை செய்துகொண்டிருந்தால் உங்கள் வீட்டில் பேய் இருக்கிறது.

பேய் ஓட்டுவது

என் வீட்டுப் பேய் உள்ளறையில் இருந்தது. சேனலைப் போட்டுவிட்டு, தூக்கம் வந்ததும் டிவி ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுப் படுத்துவிடுவார்கள். டிவி அணைந்துவிடும்; அதன் பின்னால் இருந்த, கோடி (Kodi) என்ற ப்ளேயர் ஓடுகிற பெட்டி மட்டும் விடிய விடிய அந்தச் சேனலை ஓட்டிக்கொண்டே இருக்கும். காலை ஆறு மணிக்கு ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்தால் ஒரு சப்ஸ்கிரிப்ஷன் ஒன்பது மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான்தான் டிவியை ஆஃப் பண்ணிட்டேனே சித்தப்பா" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை.

இதற்குச் சரியான வழி எச்டிஎம்ஐ-சிஇசி, அதாவது எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்கிற வசதி. கோடியில் சிஇசி அடாப்டர் அமைப்புகளுக்குள், டிவி அணைந்தால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் ஒரு வரி இருக்கிறது. அதை 'கண்டுகொள்ளாதே' என்று விடாமல், பெட்டி உறங்கப் போகிற மாதிரி வைத்துவிடுங்கள். சிஇசி சரியாக வேலை செய்யாத டிவி என்றால் ஸ்லீப் டைமர். அதுவும் முடியாது என்றால், சர்வர் பக்கத்தில் நள்ளிரவுக்கு மேல் நீளும் லைவ் இணைப்புகளை வெட்டிவிடுகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதலாம். நான் அதுவரை போகவில்லை, சிஇசியே காப்பாற்றிவிட்டது.

இரண்டாவது பேய் கொஞ்சம் தந்திரமானது. ஒளிபரப்போடு சேர்ந்து வருகிற நிகழ்ச்சி நிரலைத் திரட்ட மென்பொருளே ட்யூனரை எடுத்துச் சேனல் சேனலாகத் தாவும். மித்டிவியில் பேக்எண்ட் (சர்வர் பகுதி) சும்மா இருக்கும்போது இது தானாக ஆரம்பிக்கும். டிவிஹெட்எண்டில் ஒவ்வொரு அடாப்டருக்கும் (ட்யூனருக்கு அங்கே அதுதான் பெயர்) தனியாக இதை அனுமதிக்கலாம், மறுக்கலாம். வழக்கமாக இந்த வேலைக்கு மிகக் குறைந்த முன்னுரிமைதான் இருக்கும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் சில டிரைவர்கள் விடுவிக்க இரண்டு மூன்று வினாடி எடுத்துக்கொள்ளும், அந்த இடைவெளியில் லைவ் 'ட்யூனர் இல்லை' என்று கைவிரித்துவிடும். ஒரே ஒரு அடாப்டரில் மட்டும் இதை வைத்துவிட்டு, மற்றவற்றில் எடுத்துவிடுங்கள். ஓடும் நேரத்தையும் விடிகாலைக்குத் தள்ளிவிடுங்கள்.

மூன்றாவது, இரண்டு எஜமானர்கள். நெட்வொர்க் ட்யூனர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் விழுவார்கள். பெட்டியில் நான்கு ட்யூனர் இருக்கிறது என்று ப்ளெக்ஸ் நினைத்துக்கொண்டு நான்கு ரெக்கார்டிங்குக்குத் தைரியமாகத் திட்டம் போடும். அதே நேரத்தில் யாரோ கைபேசியில் எச்டிஹோம்ரன் செயலியைத் திறந்து நேரடியாகப் பெட்டியிடமிருந்தே ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ப்ளெக்ஸுக்கு இது முன்கூட்டியே தெரிய வழியே இல்லை. நாலாவது ரெக்கார்டிங் ஆரம்பிக்கும் நொடியில் பெட்டி '805' என்ற பிழை எண்ணைத் திருப்பி அனுப்பும், எல்லா ட்யூனரும் உபயோகத்தில் இருக்கிறது என்று அர்த்தம். லாகில் இந்த எண்ணைப் பார்த்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள், பக்கத்து அறையில் இருப்பவரின் கைபேசியை வாங்கிப் பாருங்கள். தீர்வு ஒன்றுதான்: வீட்டில் எல்லோரும் ஒரே சர்வர் வழியாகத்தான் பார்க்க வேண்டும். திட்டம் போடுகிறவருக்குத் தெரியாமல் யாரும் ட்யூனரைத் தொடக்கூடாது.

ஒன்பது மணி முடிச்சு

சரி, பேயை ஓட்டியாயிற்று. இப்போது உண்மையான மோதல்களில் பாதிக்கு மேல் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். என் அனுபவத்தில் அது முன்பின் நிமிடங்கள், அதாவது பேடிங்.

ஒரு சாதாரண இரவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு ட்யூனர். முதல் சேனலில் 8:00 முதல் 9:00 வரை ஒரு தொடர். இரண்டாவது சேனலில் 9:00 முதல் 10:00 வரை ஒரு ஆவணப்படம். இரண்டும் ரெக்கார்டிங்கில் இருக்கிறது. கூடத்தில் ஒருவர் மூன்றாவது சேனலை லைவாகப் பார்க்கிறார். காகிதத்தில் இடிக்கவே இல்லை: எந்த நேரத்திலும் ஒரு ரெக்கார்டிங், ஒரு லைவ், ஆக இரண்டு ட்யூனர்.

இப்போது பேடிங்கைச் சேருங்கள். முன்னால் 2 நிமிடம், பின்னால் 5 நிமிடம் என்று வைத்திருக்கிறீர்கள். தொடர் 7:58-க்கு ஆரம்பித்து 9:05-க்குத்தான் முடியும். ஆவணப்படம் 8:58-க்கே ஆரம்பித்துவிடும். அதாவது 8:58 முதல் 9:05 வரை, ஏழே ஏழு நிமிடத்துக்கு, ரெக்கார்டிங்குக்கு மட்டுமே இரண்டு ட்யூனரும் வேண்டும். கூடத்தில் இருப்பவரை 8:58-க்குக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும். எந்த நிகழ்ச்சியிலும் 8:58 என்பது என்ன நேரம் என்று உங்களுக்கே தெரியும்.

இதே கணக்கை 8 மணிக்கு இரண்டு, 9 மணிக்கு இரண்டு என்று விரித்துப் பாருங்கள். இரண்டு ட்யூனர் போதும் என்று தோன்றும், ஆனால் மணி மாறுகிற முடிச்சில் நான்கு வேண்டும். நான்கு ட்யூனர் வாங்கிய பிறகும் எனக்கு மோதல் வந்ததற்கு இதுதான் காரணம். அந்த ஏழு நிமிடத்துக்காகத்தான் காசைச் செலவழித்திருக்கிறேன்.

என்ன செய்யலாம்? முதலில், உங்கள் மென்பொருளில் மென்மையான பேடிங், கண்டிப்பான பேடிங் என்று இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். மித்டிவியில் இருக்கிறது, ஆனால் நிறையப் பேர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொது அமைப்பில் வினாடிக் கணக்கில் கொடுக்கிற 'நிகழ்ச்சிக்கு முன்பு பதிய வேண்டிய நேரம்' மென்மையானது; ட்யூனர் சும்மா இருந்தால் எடுத்துக்கொள்ளும், அடுத்தடுத்து ரெக்கார்டிங் இருந்தால் பேசாமல் விட்டுவிடும். ஒவ்வொரு ரெக்கார்டிங் விதியிலும் நிமிடக் கணக்கில் கொடுக்கிற 'சீக்கிரம் ஆரம்பி', 'தாமதமாக முடி' கண்டிப்பானவை; ஷெட்யூலர் அதையும் நிகழ்ச்சியின் நீளமாகவே எடுத்துக்கொண்டு திட்டம் போடும். ஆகவே எல்லாவற்றுக்கும் மென்மையானது, கட்டாயம் தேவைப்படுகிற இரண்டு மூன்றுக்கு மட்டும் கண்டிப்பானது. இந்த ஒரு மாற்றமே பட்டியலில் மோதலைக் காட்டுகிற மஞ்சளையும் சிவப்பையும் பாதியாக்கிவிடும்.

டிவிஹெட்எண்டில் சேனலுக்குச் சேனல் தனித்தனிப் பேடிங் கொடுக்கலாம். சொன்ன நேரத்துக்கு ஆரம்பித்துச் சொன்ன நேரத்துக்கு முடிக்கிற சேனலுக்கு ஒரு நிமிடம் போதும், சிலவற்றுக்குச் சுழியே போதும். விளம்பரத்தை நீட்டி எப்போதும் ஆறு நிமிடம் தள்ளிப்போகிற சேனலுக்கு எட்டு நிமிடம் வையுங்கள். எல்லாச் சேனலுக்கும் ஒரே அளவு வைப்பது சோம்பேறித்தனம், நானும் அந்தச் சோம்பேறிதான். அதே மென்பொருளில், நிகழ்ச்சி உண்மையில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று ஒளிபரப்பாளர் அனுப்பும் குறியை நம்பி ரெக்கார்டிங்கை ஆரம்பிக்கவும் நிறுத்தவும் ஒரு வழி இருக்கிறது. குறியை ஒழுங்காக அனுப்புகிற சேனலில் பேடிங்கே வேண்டாம், அவ்வளவு அருமையாக இருக்கும். ஒழுங்காக அனுப்பாத சேனலில் வைத்தால் படம் பாதியில் வெட்டுப்படும். ஒரு வாரம் சோதித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

அப்புறம், சர்வரின் கடிகாரம். இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிற என்டிபி இல்லாமல் ஓடுகிற பெட்டி மூன்று நிமிடம் பின்தங்கியிருந்தால், நீங்கள் போடுகிற பேடிங் எல்லாம் சேனலின் குற்றத்துக்கு இல்லை, உங்கள் கடிகாரத்தின் குற்றத்துக்கு.

ஒரே அதிர்வெண்ணில் பல சேனல்

டிஜிட்டல் ஒளிபரப்பில் ஒரு அதிர்வெண்ணுக்குள் பல சேனல்களைக் கட்டி ஒரே மூட்டையாக அனுப்புகிறார்கள். மல்டிப்ளெக்ஸ், சுருக்கமாக மக்ஸ். அமெரிக்காவில் இருக்கிற ஏடிஎஸ்சி ஒளிபரப்பு முறையில் 6 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு மூட்டைக்குள் வினாடிக்கு 19.39 மெகாபிட் போகிறது. அதற்குள் ஒரு எச்டி சேனலும் மூன்று நான்கு சாதாரணச் சேனலும் உட்கார்ந்திருக்கலாம். ட்யூனர் பிடிப்பது முழு மூட்டையை. ஆகவே மென்பொருளுக்குத் திறமை இருந்தால், ஒரே மூட்டைக்குள் இருக்கிற சேனல்களை ஒரே ட்யூனரிலிருந்து ஒரே நேரத்தில் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

டிவிஹெட்எண்ட் இதைச் சொல்லாமலே செய்யும். மித்டிவியில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 'அதிகபட்ச ரெக்கார்டிங்' என்று ஓர் எண் இருக்கிறது. அது 1 என்று இருந்தால் இந்த வசதி அணைந்திருக்கிறது என்று பொருள், உயர்த்துங்கள். இது வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரே மக்ஸில் இருக்கிற இரண்டு சேனலை இரண்டு திரையில் போட்டுவிட்டு ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு இணைப்பும் ஒரே அடாப்டர் பெயரைக் காட்டினால் நல்லது. வெவ்வேறு பெயர் காட்டினால் உங்கள் மென்பொருள் சேனலுக்கு ஒரு ட்யூனர் என்ற கணக்கில் ஓடுகிறது.

இதிலிருந்து ஒரு நல்ல வேலை செய்யலாம். சேனல் பட்டியலில் ஒவ்வொன்றின் அதிர்வெண்ணும் இருக்கும். வீட்டில் அதிகம் பார்க்கிற பத்துச் சேனலை எடுத்து, எது எது ஒரே அதிர்வெண்ணில் இருக்கிறது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள். எனக்கு அந்தப் பத்தும் நான்கே மூட்டைக்குள் அடங்கிவிட்டது. அதாவது நான்கு ட்யூனர் இருந்தால் அந்தப் பத்துக்குள் எதைப் பார்த்தாலும், எதைப் பதிந்தாலும் மோதலே வராது. முன்பே எழுதிப் பார்த்திருந்தால் எத்தனை இரவு மிச்சமாகியிருக்கும்.

யார் ஜெயிக்க வேண்டும்

இவ்வளவுக்குப் பிறகும் சில நாள் இடிக்கத்தான் செய்யும். அப்போது யாரை விடுவது, யாரைத் தள்ளுவது? சோபாவில் இருக்கிற மனிதருக்குத்தான் முதலிடம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ரெக்கார்டிங் பக்கம். லைவ் பார்க்கிறவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், கையில் ரிமோட் இருக்கிறது, கேட்டால் பதில் சொல்வார், கோபம் வந்தால் கத்துவார். ரெக்கார்டிங்குக்கு அப்படிப் பேச ஆள் இல்லை. அதைப் போட்டு வைத்தவர் வீட்டிலேயே இல்லை, அதனால்தானே போட்டு வைத்தார். எனவே இயல்பில் ரெக்கார்டிங் ஜெயிக்க வேண்டும், ஆனால் லைவ் பார்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

மித்டிவி இதை அழகாகச் செய்கிறது. ட்யூனர் தேவைப்படுவதற்குச் சில வினாடிகளுக்கு முன்பு திரையில் ஒரு கேள்வி வரும்: பதிந்துகொண்டே அதையே பார்க்கிறீர்களா, பதிய விட்டுவிட்டு மெனுவுக்குப் போகிறீர்களா, இல்லை பதிவதை விட்டுவிட்டு டிவியே பார்க்கிறீர்களா. வீட்டில் எல்லோருக்கும் இந்தத் திரையை ஒரு முறை காட்டிக் கொடுங்கள். காட்டிக் கொடுக்காததால் என் வீட்டில் ஒரு மாதம் வரை, கேள்வி வந்ததும் பயந்துபோய் கைக்கு வந்த பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

கேள்வியே வராமல் பார்த்துக்கொள்ள இன்னும் நல்ல வழி, இருவரையும் எதிரெதிர் முனையிலிருந்து வரச் சொல்வது. மித்டிவியில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் 'ஷெட்யூல் ஆர்டர்', 'லைவ் டிவி ஆர்டர்' என்று இரண்டு எண்கள் உண்டு. நான்கு ட்யூனருக்கு ஷெட்யூல் ஆர்டரை 1, 2, 3, 4 என்றும், லைவ் டிவி ஆர்டரை 4, 3, 2, 1 என்றும் கொடுங்கள். ரெக்கார்டிங் முதல் ட்யூனரிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும், லைவ் கடைசி ட்யூனரிலிருந்து எடுக்கும், இரண்டும் நடுவில் எப்போதாவதுதான் சந்திக்கும். இதில் 0 கொடுத்தால் அந்த உள்ளீடு அந்த வேலைக்கே வராது. ஒரு ட்யூனரை லைவுக்குக் காட்டவே கூடாது என்றால் அதன் லைவ் டிவி ஆர்டரை 0 ஆக்கிவிடுங்கள், யார் என்ன செய்தாலும் ரெக்கார்டிங்குக்கு ஒன்று பத்திரமாக இருக்கும். சில பதிப்புகளின் ஃப்ரண்ட்எண்டில் (பார்க்கிற பகுதியில்) 'அவாய்ட் கான்ஃப்ளிக்ட்ஸ் பிட்வீன் லைவ் டிவி அண்ட் ஷெட்யூல்டு ஷோஸ்' என்ற ஒரு டிக்கும் உண்டு. அதைப் போட்டால், இருப்பதிலேயே நல்ல ட்யூனரை எடுக்காமல், ரெக்கார்டிங் வர வாய்ப்புக் குறைவான ட்யூனராகப் பார்த்து லைவ் எடுத்துக்கொள்ளும்.

டிவிஹெட்எண்டிலும் இதே யோசனை வேறு பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு அடாப்டருக்கும் சாதாரண முன்னுரிமை ஒன்று, ஸ்ட்ரீமிங் முன்னுரிமை ஒன்று. இரண்டையும் தலைகீழாகக் கொடுத்தால் அதே எதிரெதிர் வரிசை கிடைத்துவிடும். இங்கே ஒரு குழி உண்டு: யார் யாரைத் தள்ளலாம் என்பதை, ஒவ்வொரு இணைப்புக்கும் இருக்கிற எடை (வெயிட்) என்ற எண்தான் தீர்மானிக்கிறது. லைவ் அடிக்கடி நிற்கிறதே என்று எரிச்சலில் லைவுக்கான ஸ்ட்ரீமிங் ப்ரொஃபைலின் முன்னுரிமையை ஏற்றி வைத்தீர்களானால், அப்புறம் சேனலை மாற்றுகிற யார் வேண்டுமானாலும் ஓடிக்கொண்டிருக்கிற ரெக்கார்டிங்கின் ட்யூனரைப் பிடுங்கிக்கொள்வார்கள், சத்தமே வராது. ரெக்கார்டிங் பக்கம் எப்போதும் ஒரு படி மேலே இருக்கட்டும்.

ரெக்கார்டிங்குகளுக்குள்ளேயும் வரிசை வேண்டும். மித்டிவியில் −99 முதல் 99 வரை கொடுக்கலாம், ஆனால் அவ்வளவு நுணுக்கம் யாருக்கும் தேவையில்லை. மூன்று படி போதும்: திரும்ப வராதது மேலே, வாராந்தரத் தொடர் நடுவே, கிடைத்தால் பார்க்கலாம் என்கிற ரகம் கீழே. நேரடி விளையாட்டும் விருது விழாவும் முதல் ரகம். பின்பேடிங் ஒரு மணி நேரம் கொடுத்தாலும் தப்பில்லை.

மறு ஒளிபரப்பு என்னும் கடவுள்

'இந்தச் சேனல், இந்த நேரம்' என்று இறுக்கிக் கட்டிய விதிதான் ஷெட்யூலரின் கையைக் கட்டுகிறது. அதே அத்தியாயம் நள்ளிரவு ஒரு மணிக்குத் திரும்ப வரும், அதே சேனலின் எச்டி வடிவம் வேறு மக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். 'எந்தச் சேனல் என்றாலும், எந்த நேரம் என்றாலும், ஒரு அத்தியாயம் ஒரு முறை' என்று விதியைத் தளர்த்திவிட்டால், எட்டு மணிக்கு இடித்ததை ஷெட்யூலரே ஒரு மணிக்கு நகர்த்திவிடும், உங்களுக்குத் தெரியக்கூட வராது. நிகழ்ச்சி நிரலில் அத்தியாய எண்ணோ விவரமோ ஒழுங்காக இருந்தால்தான் இது சரியாக ஓடும். இல்லாவிட்டால் ஒரே அத்தியாயம் நான்கு முறை பதிந்து கிடக்கும்.

இன்னொரு பழக்கம் சொல்கிறேன், எனக்கு இதுதான் மிகவும் உதவியது. ஏதாவது ஒன்று பதிந்துகொண்டிருக்கும்போது அதையே பார்க்க வேண்டும் என்றால் சேனலுக்குப் போகாதீர்கள், ரெக்கார்டிங் பட்டியலுக்குப் போய் அந்த வளர்ந்துகொண்டிருக்கிற கோப்பைத் திறங்கள். கோப்பைப் படிக்க ட்யூனர் வேண்டாம். கால் மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தால் விளம்பரங்களைத் தாண்டித் தாண்டி, முடியும்போது லைவைப் பிடித்துவிடலாம். வீட்டில் அத்தனை பேரும் இதற்குப் பழகிவிட்டால் லைவ் என்பதே செய்திக்கும் ஆட்டத்துக்கும் மட்டும்தான்.

டிஷ், ஐபிடிவி இருப்பவர்களுக்கு

டிஷ் வழியாக எடுப்பவர்களுக்கு ட்யூனர் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்குகிற எல்என்பிக்கு ட்யூனர் 13 வோல்ட் கொடுத்தால் சிக்னலின் ஒரு துருவம், 18 வோல்ட் கொடுத்தால் இன்னொன்று. 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி சேர்ந்தால் மேல் பட்டை, சேராவிட்டால் கீழ்ப் பட்டை. ஆக நான்கு கூறு. ஒரே கேபிளில் இரண்டு ட்யூனரை லூப் போட்டு மாட்டியிருந்தால், இரண்டாவதற்கு முதலாவது எடுத்திருக்கிற கூறுக்குள்தான் சேனல் கிடைக்கும். ட்யூனருக்கு ஒரு கேபிள், இல்லை என்றால் யூனிகேபிள் எல்என்பி: இஎன் 50494 தரத்தில் ஒரே கேபிளில் எட்டு ட்யூனர் வரை, இஎன் 50607 தரத்தில் 32 வரை போகலாம். கட்டணச் சேனல் என்றால் கார்டு மாட்டுகிற கேம் (CAM) என்ற கருவி ஒரே நேரத்தில் எத்தனை சேனலைத் திறக்கும் என்பது இன்னொரு வரம்பு. அது ஒன்றுதான் திறக்கும் என்றால் பத்து ட்யூனர் இருந்தும் பயனில்லை.

இணையம் வழியாக வருகிற ஐபிடிவியில் ட்யூனரே இல்லை, ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்ற வரம்பு அதே வேலையைச் செய்கிறது. ஜெல்லிஃபின் என்ற சர்வர் மென்பொருளில் எம்3யூ சேனல் பட்டியலைச் சேர்க்கும்போது ஒரே நேர ஸ்ட்ரீம் வரம்பைக் கேட்கும். அதை 0 என்று விட்டுவிட்டால் வரம்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு திட்டம் போடும். உண்மையான எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால்

சரி, எண்ணிப் பார்த்தும் போதவில்லை. வாங்குங்கள், ஆனால் ஆன்டெனா கேபிளைப் பிரிக்கும்போது கவனம். இரண்டாகப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் சுமார் 3.5 டெசிபெல் தின்னும், நான்காகப் பிரிப்பது சுமார் 7. சிக்னல் ஏற்கெனவே விளிம்பில் இருந்தால், புது ட்யூனர் வந்த அன்றே பழைய ட்யூனரிலும் படம் கட்டம் கட்டமாக உடையும். பெருக்கி போடுவதானால் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், ஸ்ப்ளிட்டருக்கு முன்பு போடுங்கள். பின்னால் போட்டால் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

ஒரே மாதிரி யுஎஸ்பி ட்யூனர் குச்சி இரண்டு போட்டால் ரீபூட்டுக்கு ரீபூட் அடாப்டர் 0-வும் 1-உம் இடம் மாறிக்கொள்ளும், நீங்கள் கஷ்டப்பட்டுக் கொடுத்த வரிசை எண்கள் தலைகீழாகிவிடும். லினக்ஸில் டிரைவர் மாட்யூலுக்கு அடாப்டர் எண்ணைக் கட்டிவைக்கலாம், சாதனத்துக்கு நிலையான பெயர் கொடுக்கிற யுடெவ் விதியும் எழுதலாம்.

கடைசியாகச் சோதனை. வேலையில்லாத ஒரு மதியம், ஐந்து நிமிடம் தள்ளி ஆரம்பிக்கிற மாதிரி, வெவ்வேறு மக்ஸில் இருக்கிற சேனல்களாகப் பார்த்து எத்தனை ட்யூனரோ அத்தனை ரெக்கார்டிங் போடுங்கள். இப்போதே ஒரு திரையில் லைவைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கேள்வி வருகிறதா, லைவ் தானாக நகர்கிறதா, இல்லை ரெக்கார்டிங் செத்துப்போகிறதா. முடிந்ததும் கோப்புகளின் அளவைப் பாருங்கள்: வினாடிக்கு 8 மெகாபிட்டில் வருகிற சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கே குறைகிறது என்று திறந்து பாருங்கள். தலைப்பகுதி இல்லாவிட்டால், முந்தைய ரெக்கார்டிங்கின் பின்பேடிங்கோ விடாப்பிடியான லைவோ ட்யூனரை விடவில்லை. வால்பகுதி இல்லாவிட்டால், நடுவில் யாரோ பிடுங்கியிருக்கிறார்கள், எடையைப் பாருங்கள். தலையும் வாலும் சரியாக இருந்து நடுவில் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் அது மோதலே இல்லை. கேபிளையும் டிஸ்க்கையும் பாருங்கள்.